தேவதாஸ், பரிணீதா: சரத்சந்திரரின் பால்யகாலக் காதல்

தேவதாஸ், பரிணீதா இரண்டும் வங்க எழுத்தாளர் சரத்சந்திர சட்டோபாத்யாய் (1876–1938) எழுதிய சிறிய நாவல்கள். பரிணீதா 1914-லும் தேவதாஸ் 1917-லும் வெளிவந்தன. தேவதாஸ் அவர் இளமையிலேயே எழுதி வைத்திருந்த படைப்பு. பக்கத்து வீட்டில் ஒன்றாகப் பழகியவர்கள் காதலர்களாவது இரண்டுக்கும் பொதுவான கதைக்களம். ஒன்று மரணத்திலும் மற்றொன்று திருமணத்திலும் முடிகிறது.

கதைச்சுருக்கம்

தேவதாஸ் ஜமீன்தாரின் மகன். அண்டைவீட்டுப் பார்வதி அவனுடைய கிராமப் பள்ளித் தோழி. பார்வதியின் குடும்பம் அந்தஸ்தில் தாழ்ந்தது என்று தேவதாஸின் தந்தை திருமணத்தை மறுக்கிறார். பார்வதி இரவில் தனியாக வந்து அவனிடம் கேட்கிறாள். அவன் துணியாமல் கல்கத்தா சென்று, அங்கிருந்து அவளை மறுத்துக் கடிதம் எழுதுகிறான். வருந்தித் திரும்பும்போது காலம் கடந்துவிடுகிறது. அவள் மனைவியை இழந்த ஒரு ஜமீன்தாருக்கு மணமுடிக்கப்படுகிறாள். குடியில் அழிந்து, அவள் வீட்டு வாசலில் வந்து இறக்கிறான் தேவதாஸ்.

பரிணீதாவின் லலிதா மாமா வீட்டில் வளரும் அநாதை. பக்கத்து வீட்டுச் செல்வந்தர் மகன் சேகர். அவனுடைய அலமாரியிலிருந்து வேண்டிய பணத்தை எடுத்துக்கொள்ளும் உரிமை அவளுக்கு உண்டு. ஓரிரவு விளையாட்டைப்போல மாலை மாற்றிக்கொள்கிறார்கள். லலிதா அதையே திருமணமாகக் கொள்கிறாள்.

பழக்கமும் உரிமையும்

பால்யகாலக் காதல் கதைகள் பொதுவாக நீண்ட பழக்கத்தையே காதலின் உத்தரவாதமாகக் காட்டுபவை. சரத்சந்திரர் அந்தப் பழக்கத்துக்குள் இருக்கும் அதிகாரத்தையும் எழுதியிருக்கிறார். சிறுவன் தேவதாஸ் பார்வதியை அடிக்கிறான். ஆசிரியர் அடித்ததாக வீட்டில் சொல்லி அவள் அவனைக் காக்கிறாள். பின்னர் அவள் தன்மானத்துடன் அவனை மறுக்கும்போது, தூண்டில் கழியால் நெற்றியில் அடித்துத் தழும்பு உண்டாக்குகிறான். இரண்டும் ஒரே கையின் அடிகள். அவளை அவன் அறிந்திருக்கவில்லை, உடைமையாகக் கொண்டிருந்தான் என்று வாசகர் உணரும் இடம் இது.

பரிணீதாவில் வன்முறை இல்லை, ஆனால் அதே உறவுநிலை உள்ளது. சேகர் லலிதாவைவிடப் பல வயது மூத்தவன். எங்கு செல்வதற்கும் அவள் அவன் அனுமதியை எதிர்பார்க்கிறாள். தந்தையை எதிர்க்க அவனும் துணிவதில்லை. அவள் கிரீனை மணந்துவிட்டாள் என்று விசாரிக்காமலே நம்பி வெறுக்கிறான். தந்தை இறந்தபின், கிரீன் மணந்தது அவள் மாமாவின் மகளை என்று தெரிந்த பிறகே அவளை ஏற்கிறான். தேவதாஸை அழித்த கோழைத்தனம் சேகரிடமும் உண்டு. தற்செயல்கள் அவனைக் காப்பாற்றுகின்றன.

இலக்கிய இடம்

வேதாந்தம் ராகவையா இயக்கிய 1953-ஆம் ஆண்டுத் திரைப்படம் வழியாக தேவதாஸ் தமிழில் பெரும்புகழ் பெற்றது. காதலில் தோற்றுக் குடிப்பவனுக்குப் பேச்சுவழக்கில் அதுவே பெயராயிற்று. அப்பிம்பத்தில் பார்வதியின் தழும்புக்கு இடமில்லை.

மிகையுணர்ச்சியும் தற்செயல்களை நம்பும் முடிவும் இந்நாவல்களின் குறைகள். எனினும் இரண்டிலும் துணிந்து முடிவெடுப்பவர்கள் பெண்களே. பார்வதியின் இரவு வருகையும் லலிதாவின் உறுதியும் இவற்றை எளிய காதல்கதைகளிலிருந்து வேறுபடுத்துகின்றன. இரண்டையும் சேர்த்து வாசிக்கையில், பரிணீதாவின் மகிழ்ச்சியான முடிவு தேவதாஸின் கேள்விக்கு விடையளிக்கவில்லை, அதைத் தள்ளிவைக்கிறது என்பது தெரியவரும்.