கோட்டுக்கு முன் நிற்கும் சுரம்: இசைக்குறிப்பு மென்பொருள் பற்றிய ஒரு விமர்சனக் குறிப்பு

உருவம், உள்ளடக்கம் என்னும் இருமை பற்றி நாம் நிரம்பப் பேசிவிட்டோம். எழுதும் கருவி பற்றிப் பேசியது குறைவு. அச்சாயினும் தட்டச்சாயினும் கணினியாயினும், கருவியை நடுநிலையான பொருளெனக் கொள்ளும் வழக்கம் முற்போக்காளரிடத்தும் உண்டு. மேலைத்தேய இசையைக் கணினியில் எழுதப் பயன்படும் மென்பொருள்களிற் காணப்படும் மிகச் சிறியதொரு பிரச்சினையைக் கொண்டு இதனை நோக்குவோம்.

அவ்விசைக்குறிப்பு நிலைக்குத்துக் கோடுகளால் வகுக்கப்படுவது. இரு கோடுகளுக்கு இடைப்பட்ட கூற்றினைப் 'பார்' என்பர். நாற்கால அளவாயின் ஒவ்வொரு பாரிலும் நான்கு காற்சுரங்களின் அளவு அடங்கவேண்டும். தலையாய அழுத்தம் கோட்டை அடுத்து விழும். ஆயின் பாட்டுக்கள் யாவும் அழுத்தத்திலே தொடங்குவதில்லை. முதற் கோட்டுக்கு முன்னரே ஓரிரு சுரங்கள் ஒலித்துவிடுவதுண்டு. இவற்றை முற்சுரம் என இங்கு வழங்குவோம். தமிழ் யாப்புக் கற்றார்க்கு இது புதிதன்று. அடியின் அளவுக்குப் புறம்பாக அதன் முதலில் நிற்கும் சீரை நம் இலக்கணகாரர் கூன் என்றனர். தாளத் தொடக்கத்துக்கு முந்திப் பாட்டு எழுவதைக் கருநாடக இசையார் அதீத எடுப்பு என்பர். கூன் என்ற பெயரே நோக்கத்தக்கது: அளவை வகுத்தவன் அதற்கு அடங்காததை உடற்குறையாகக் காண்கிறான்.

சர்வதேச கீதத்தையே எடுத்துக்கொள்வோம். 1871இல் பாரிஸ் கொம்யூன் வீழ்ந்ததை அடுத்துப் பொத்தியே எழுதிய பாடலுக்கு, 1888இல் லீல் நகரத் தொழிலாளர் பாடற்குழுவொன்றின் பொருட்டு மெட்டமைத்தவர் பியர் டி கெய்ற்றர் என்ற தொழிற்சாலைத் தொழிலாளி. எழுந்து நிற்குமாறு விடுக்கும் அழைப்புடன் அது தொடங்குகிறது. அந்தப் பிரெஞ்சுச் சொல் ஈரசை கொண்டது. முதலசை கோட்டுக்கு முன்னே நிற்கிறது. இரண்டாம் அசை கோட்டைத் தாண்டி அழுத்தத்தில் விழுகிறது. அமர்ந்திருப்பவன் எழுமுன் உடலைத் திரட்டிக்கொள்ளும் கணம் அம்முதலசையிலேயே உள்ளது. அதனை நீக்கினால் அழைப்பு வெறும் அறிவிப்பாகிவிடும்.

இப்பாட்டை மியூஸ்ஸ்கோர் என்னும் மென்பொருளில் எழுத முற்படுவோம். தொடக்கத்திலேயே முற்சுரம் உண்டா என்று அது கேட்கிறது. உண்டெனில் ஒரு கால் நீளமுள்ள குறைப் பார் அமைகிறது. பார்களின் எண்ணிக்கையில் அது சேர்க்கப்படுவதில்லை. இதுவரை தொல்லையில்லை. சரணந்தோறும் பாட்டு திரும்பும்போதே சிக்கல் எழுகிறது. இறுதிப் பார் மூன்று காலுடன் முடிந்தால்தான், மீளும் முற்சுரத்தோடு சேர்ந்து நான்காகும். மென்பொருளோ நான்காவது காலை மௌனக் குறியால் தானே நிரப்பிவைக்கிறது. ஒலிக்கவிட்டால் ஐந்து கால்! அணிவகுத்து நடப்போருக்கு ஒவ்வொரு சரண முடிவிலும் இடமும் வலமும் மாறிப்போகும். இதனைத் தவிர்க்க, அந்தப் பாரின் பண்புகளைத் திறந்து, அதன் உண்மை நீளத்தை மூன்றாகக் கையால் மாற்றவேண்டும். பெயரளவு நீளம் நான்காகவே அங்கு நிற்கும்.

சொற்கட்டளைகளால் இயங்கும் லிலிபொண்டில் இச்சிந்தனை இன்னும் வெளிப்படையானது. முற்சுரம் அறிவிக்கப்பட்டதும், பாரினுள் நாம் நிற்கும் இடத்தைக் குறிக்கும் எண் மறைப் பெறுமானம் ஆகிறது. ஒரு காற்சுரமாயின் கழித்தல் கால். காலம் கோட்டிலேதான் பூச்சியத்தில் தொடங்குகிறது. எழுமாறு அழைக்கும் அசை காலத்துக்கு முந்தியது!

இதனைக் கொண்டு கணினி கலையை அடிமைப்படுத்துகிறது என்று புலம்புவோருடன் நாம் உடன்படோம். சீரான பார்க்கோடு கணினி கண்டுபிடித்ததன்று. பதினேழாம் நூற்றாண்டிலிருந்து ஐரோப்பாவில் நிலைபெற்று, அச்சுத் தொழிலும் இசைச் சந்தையும் உறுதிசெய்த மரபு அது. கையால் எழுதியவர் இறுதிப் பாரைக் குறையாக விட்டபோது எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. பாடுவோரின் பழக்கம் மீதியைப் பார்த்துக்கொண்டது. மென்பொருள் அப்பழக்கத்தை வாய்விட்டுச் சொல்லுமாறு கேட்கிறது. மறைந்திருந்த விதி இதனால் கண்ணுக்குத் தெரிகிறது. இது ஓர் ஆதாயமே. ஆயின் எது இயல்பு, எது விலக்கு என்பதும் அதே வேளையில் முன்கூட்டியே தீர்க்கப்பட்டுவிடுகிறது.

அத்தீர்ப்பை மாற்றும் உரிமை யாரிடம் என்பதே எமக்கு முக்கியமான வினா. லிலிபொண்டின் பழைய கையேடு, முற்சுரக் கட்டளை பாட்டின் தொடக்கத்துக்கு மட்டுமே உரியது என்று கூறியது. பின்னர் வந்த பதிப்புகளில் அது இடையிலும் செல்லுபடியாயிற்று. மியூஸ்ஸ்கோரைப் போலவே அதன் மூலநிரலும் யாவருக்கும் திறந்தது. மாறாக, 1988இல் வெளிவந்த பினாலே என்னும் வணிக மென்பொருளின் வளர்ச்சியை அதன் உரிமையாளர் 2024 ஆகஸ்டில் நிறுத்தியபோது, பல்லாண்டுகளாக அதிலே எழுதிவந்தோர் அதன் நிரலைக் கையேற்றுத் தொடர வழியில்லாது போயிற்று. உற்பத்திச் சாதனத்தின் உடைமை என்ற பழைய சொற்றொடரை இவ்விடத்தே நாணமின்றிப் பயன்படுத்தலாம்.

சர்வதேச கீதத்தைப் பதிப்பிப்போர் திரும்பற்குறியை இரு வகையாக இடலாம். முதற் கோட்டிலே அதனை இட்டால், அடுத்த சரணத்தின் முதலசையை முந்திய சரணத்தின் முடிவுப் பாரில் மீண்டும் எழுதவேண்டும். அச்சுக்கு அது வசதியானது. பார்கள் யாவும் நிறைவாகத் தோன்றும். ஆனால் எழுமாறு கூறும் அழைப்பு, முடிந்துபோன சரணத்தின் வாலாகிவிடும். முற்சுரத்துக்கும் முன்னே குறியை இடுவதையே நாம் விரும்புகிறோம். இறுதிப் பார் மூன்று காலுடன் குறையாகவே நிற்கட்டும். மென்பொருள் இட்ட மௌனத்தை அழிப்பதற்குச் சில கணங்களே செல்லும்.