வெல்வெட்டுச் சோழனும் சாக்குத் துணியும்

சரித்திர நாடகம் என்றால் வெல்வெட்டு அங்கியும் ஜிகினாக் கிரீடமும் என்று நம் மேடைகளில் வழக்கமாகிவிட்டது. கோலசிலாங்கூர்ப் பகுதித் தோட்டங்களில் திருவிழா நாடகம் நடத்துவோர், பட்டணத்து வாடகைக் கடையிலிருந்து ஓர் இரவுக்கெனப் பணம் கொடுத்து இவற்றைத் தருவிக்கின்றனர். அரசன் வந்தால் வெல்வெட்டு. அமைச்சன் வந்தால் சற்று மலிவான வெல்வெட்டு. இதையே சரித்திரமென்று நம் மக்கள் நம்பிவிடுகின்றனர் என்பதுதான் நம் வருத்தம்.

இவ்வுடுப்பு சோழனுடையதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் கம்பெனிகள் காட்டிய படாடோபத்தைக் கண்டு நம்மவர் கைக்கொண்டது. பின்னர் சினிமா அதனை நிலைநிறுத்திற்று. 1973இல் வெளிவந்த ‘இராஜராஜ சோழன்’ படத்தைப் பார்த்தவர்க்கு வேறு சோழன் மனத்தில் தோன்றுவதேயில்லை. ஆனால் தஞ்சைப் பெரிய கோயிலின் உள்நடையில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் கால ஓவியங்கள் 1931இல் வெளிப்பட்டன. அங்கே ஆடவர் பலர் திறந்த மார்புடன், இடையில் துணி சுற்றி, கழுத்தில் அணிகலனோடு நிற்கின்றனர். ஆகவே சாயமிட்ட பழைய பருத்தி வேட்டியொன்று, வாடகை வெல்வெட்டைவிடச் சோழனுக்கு அருகில் நிற்கிறது.

இதனை இப்போது எழுதத் தூண்டியது, இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நாம் ஒரே இரவில் கண்ட இரு நாடகங்களாகும். முதலாவது சோழன் கதை; அதைப்பற்றி மேலே சொன்னதே போதும். இரண்டாவது, 1942, 43ஆம் ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைக் கொண்டுபோன சயாம் மரண ரயிலைப் பற்றியது. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை கேட்ட உயிர்ப்பலியை மேடையில் காட்ட முனைந்த இளைஞர்களிடம் பணமில்லை. பண்டல் கடைக்குச் சென்று மூட்டையாய்க் குவிந்திருந்த பழந்துணியை வாங்கினர். (ஜப்பானில் எவரோ உடுத்துக் கழித்த சட்டை, ஜப்பானியர் போட்ட ரயில்பாதையின் கூலிக்கு உடுப்பாயிற்று!)

வாங்கியதை அப்படியே மாட்டிக்கொள்ளவில்லை. ஒரு நூலைப் பிரித்துக் கொளுத்திப் பார்த்தனர். சாம்பலானால் பருத்தி; உருகித் திரண்டால் செயற்கை நூல், அது தேயிலைச் சாயத்தை ஏற்காது. பருத்திச் சட்டைகளின் பிளாஸ்டிக் பொத்தான்களை வெட்டியெறிந்து, தேயிலைச் சாற்றில் ஊறவைத்து, முழங்கையையும் தோளையும் செங்கல்லால் தேய்த்தனர். பால்வெட்டுக்குப் போன பெரியவர் ஒருவர் வைத்திருந்த பழைய சட்டையையும் இரவல் பெற்றனர். அதில் கறுத்துப்போயிருந்த ரப்பர்ப் பால் கறையை எந்தச் சாயக்காரனாலும் செய்துதர இயலாது.

திருவிழாக் குழுவினர் சிலர், “பழந்துணியையா மேடையேற்றுவது?” என்று முகஞ்சுளித்தனராம். இக்கூச்சத்தை நாம் எள்ளி நகையாடமாட்டோம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆண்டை கழித்த துணியைப் பண்டிகை நாளில் முற்றத்தில் நின்று கையேந்தி வாங்கியவர்களின் மக்களே நம்மிற் பலர். கழித்த துணி என்றதும் அந்த முற்றம் நினைவுக்கு வருகிறது. ஆனால் இவ்விளைஞர்கள் எவன் வாசலிலும் நிற்கவில்லை; விலை கொடுத்து வாங்கித் தம் கையால் வெட்டித் தைத்தனர். மேலும், வாடகை வெல்வெட்டு எத்தனை சோழர்களின் வியர்வையைக் குடித்ததென்று குழுவினர் கேட்டறிந்ததுண்டா? ஆங்கிலவழிப் பள்ளியில் நாம் ரோமானியனாக வேடம் பூண்டபோது வீட்டுப் படுக்கை விரிப்பே நமக்கு உடையாயிற்று. அதனை ஒருவரும் இழிவென்று சொல்லவில்லை.

யுத்த காலத்தில் துணிப் பஞ்சத்தால் நம்மவர் சாக்கை உடுத்தினர். தலைக்கொரு துளை, கைக்கிரண்டு துளை வெட்டிய சணல் சாக்கோடு நடிகன் வந்தபோது, நம் அருகிலிருந்த மூதாட்டியார், “எங்கப்பா சயாமிலேருந்து திரும்பி வந்தப்போ இப்படித்தான் வந்தாரு, கிராணியாரே” என்றார். சோழன் வந்தபோது அவர் உறங்கிக்கொண்டிருந்தார்.

எனினும் குறைகள் உண்டு. கதாநாயகி கட்டியிருந்த மினுமினுக்கும் செயற்கை நூல் சேலை 1942இல் எங்கிருந்து வந்தது? அவர் தம் சொந்தச் சேலையைக் கட்டிக்கொள்ள விரும்பினார் போலும். இதனினும் பெரிய குறை, தோட்டத்தை விட்டுப் புறப்படும் காட்சியிலேயே அனைவரும் கந்தலோடு நின்றது. புறப்பட்டபோது அவர்களிடம் வேட்டியும் சட்டையும் இருந்தன. போன இடத்தில்தான் அவை மழையிலும் மண்ணிலும் இற்றுப்போயின. முதற்காட்சியில் வெளுத்த சட்டை, நடுவில் கிழிந்த சட்டை, கடைசியில் சாக்கு என்று காட்டியிருந்தால் வசனத்தில் பாதியைக் குறைத்திருக்கலாம். இதற்கு ஒருவனுக்கு ஒரே மாதிரிச் சட்டை இரண்டு வேண்டும்; பண்டல் கடையில் அவ்வாறு கிடைப்பது அரிது. ஆயினும் வெள்ளைச் சட்டைகளாகப் பொறுக்கினால், மேடை விளக்கொளியில் ஒன்றுக்கொன்று வேற்றுமை தெரியாது.