ஏடும் மின்னேடும்

மின்வழிச் செய்தி எழுதுவோர்க்குக் கலைத்துறைக் கல்வியாற் பயன் யாது என என் மாணாக்கன் ஒருவன் வினவினான். நடையழகு என்று விடையிறுத்தல் எளிது. யான் அதனைக் கூறேன். அவர்கள் கற்கவேண்டுவது பழைய பதிப்பாசிரியர்களின் நாணயத்தை.

சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) இரு தொழிலையும் அறிந்தவர். பேர்சிவல் பாதிரியார் 1855இற் சென்னையில் தொடங்கிய 'தினவர்த்தமானி'க்கு ஆசிரியராயிருந்தார்; 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தார். கைபட உதிரும் ஏடுகளின் நிலையை அதன் பதிப்புரையில் மறையாது எழுதினார். உ. வே. சாமிநாதையர் 1894இற் புறநானூற்றை வெளியிட்டபோது 267, 268ஆம் பாட்டுக்கள் கிடைத்தில. வேறு பல பாட்டுக்களில் அடிகள் சிதைந்திருந்தன. அவ்விடங்கள் இன்றும் புள்ளிகளாகவே நிற்கின்றன. செய்யுள் யாக்கவல்ல புலவர் அக்காலத்திற் பலர். இரண்டு பாட்டு இயற்றி இடைவெளியை அடைத்திருப்பின் கண்டறிவார் அரியர். வெளிவாரிப் பரீட்சைக்கு ஆசானின்றிப் படித்த நாளில் அப்புள்ளிகள் எனக்கு எரிச்சலூட்டின. இன்று அவற்றையே அந்நூற்பதிப்பின் சிறப்பெனக் கருதுகின்றேன்.

எங்கள் பக்கத்துக் கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்துக்கு நீர் சேர்ப்பது. 2018 மார்கழி வெள்ளத்தைக் கண்ட வன்னி மக்களுக்கு வான்கதவு பற்றிய செய்தி உயிரோடு ஒட்டியது. பின்னொரு மாரியிற் கதவுகள் யாவும் திறந்தாயிற்று என ஒரு செய்தி கைத்தொலைபேசிக்கு வந்தது. உடனிருந்த படமோ பழையது. எந்தக் கதவு, எத்தனை மணிக்கு, சொன்னவர் யார் என்பன இல்லை. இல்லாதவற்றை எழுதியவரின் ஊகமே நிரப்பிற்று. தாழ்நிலத்தில் வாழும் உறவினர் ஒருவர் நள்ளிரவிற் பிள்ளைகளோடும் மாடுகளோடும் வெளியேறினார். விடிந்தபோது செய்தி மாற்றப்பட்டிருந்தது. மாற்றியமைக்கு ஒரு குறிப்பேனும் இல்லை. அடுத்த முறை மெய்யான எச்சரிக்கை வந்தபொழுது அவர் அசையவேயில்லை. அயலார் கைபிடித்து இழுத்துச் செல்ல நேர்ந்தது.

பதிப்பாசிரியர்க்கு ஆண்டுகள் உண்டு, செய்தியாளர்க்கு நிமிடங்களே என்பர். உண்மைதான். ஏடுகளை ஒப்புநோக்கும் நிதானத்தை அவரிடம் எதிர்பார்த்தல் பேதைமை. ஆனாற் புள்ளியிடுவதற்குக் காலம் வேண்டியதில்லை. இரண்டு கதவுகள் திறந்தமை உறுதி, ஏனையவை பற்றித் தெரியவில்லை என்று எழுத ஒரு வரி போதும். திருத்தியபின் முந்திய வாசகத்தைப் பாடபேதம்போல அடியிற் காட்டுதற்கும் மின்பக்கத்தில் இடப் பஞ்சமில்லை. எழுத்துக் கோத்து, தாட்செலவு எண்ணி நூல் வெளியிட்ட சாமிநாதையர்க்கு வாய்க்காத வசதி அது.