கயிறும் நிலாவும்

மரக்காணத்து உப்பளங்களின் பக்கம் வந்து பக்கிங்காம் கால்வாய் முடிந்துவிடுகிறது. ஆந்திரத்துப் பெத்தகஞ்சாமிலிருந்து கடற்கரையை ஒட்டியே வருகிற கால்வாய் இங்கே கழியில் கலந்து அடையாளம் இழக்கிறது. அந்த இடத்தில் நின்றபோது பாரதிதாசனின் ‘மாவலிபுரச் செலவு’ நினைவுக்கு வந்தது.

சென்னைக் கால்வாய் புதுச்சேரி வரை நீளுவதாக அந்தக் கவிதை ஆரம்பிக்கிறது. நீளவில்லை. புதுச்சேரிக்காரரின் ஆசை அது. இதைத் தப்பென்று பிடித்துக்கொள்வது விமர்சனம் ஆகாது. 2008இல் இக்கால்வாயை நான்காம் தேசிய நீர்வழியில் சேர்த்த சட்டமும் கழுவேலியைச் சேர்த்துப் புதுச்சேரி வரை கோடு இழுத்திருக்கிறது. சட்டத்தின் கோட்டில் மனிதன் இல்லை, கவிதையில் இருக்கிறான். என் பிரச்சினை அவனைப் பற்றியது.

1938இல் வந்த முதல் தொகுதியில் உள்ள கவிதை இது. முன்பாதி வழக்கமான இயற்கை வர்ணனை: அன்னமாகத் தோணி, தண்ணீருக்குள் வானம். அப்புறம் பார்வை கரைக்குத் திரும்புகிறது. ஒருவன் தோளில் கயிறு போட்டுத் தோணியை இழுத்து நடக்கிறான். பின்னால் ஒருவன் முதுகு வளைந்து கோல் ஊன்றித் தள்ளுகிறான். இங்கிலாந்தின் கால்வாய்களில் ஒடுங்கிய படகுகளைக் குதிரைகள் இழுத்தன, இங்கே ஆள். பார்க்கச் சகிக்கவில்லை என்கிறார் கவிஞர். அன்னம் அந்த இடத்தில் செத்துப்போகிறது. தமிழில் ஓர் உவமை தன் விலையைத் தானே கண்டுகொண்ட அபூர்வமான தருணம் இது.

உடனே உபதேசம் வந்துவிடுகிறது: தொழிலாளர் துணையின்றி இன்பக் கரை இல்லை, எத்தனையோ தரம் சொல்லியாயிற்று. அதற்கடுத்து நிலா எழுகிறது. இதைக் கோஷம் என்று ஒதுக்கியவர்களில் நானும் ஒருவன். இப்போது அப்படிப் படவில்லை. பல தரம் சொன்னோம் என்பதில், சொல்லி ஆவது ஒன்றுமில்லை என்ற அலுப்பு இருக்கிறது. சகிக்கவில்லை என்றவர் தோணியை விட்டு இறங்கவில்லை. இறங்கியதாகப் பொய்யும் சொல்லவில்லை. நிலாவை ரசித்துக்கொண்டே மாவலிபுரம் போய்ச் சேருகிறார். கவிதையின் பலவீனம் என்று நான் நினைத்தது அதன் யோக்கியதை.

இந்த யோக்கியதை சரித்திரத்துக்கு இல்லை. 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கிய வேலை இது. 1877–78 பஞ்சத்தில், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் எட்டுக் கிலோமீட்டரைப் பசித்தவர்கள் நிவாரணக் கூலிக்கு வெட்டினார்கள். அன்றைய நிவாரணக் கூலி ஆளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். பெயர் மட்டும் கவர்னர் பக்கிங்காம் கோமகனுக்கு. உப்பும் விறகும் இதில் போயின. 1965, 66 புயல்களுக்குப் பின் படகுப் போக்குவரத்து நொடித்தது. இழுத்தவர்களைப் பற்றி நமக்கு மிஞ்சியவை இப்படிச் சில வரிகள்தான்.

மரக்காணத்தில் ஒரு பெண் பாத்தியில் உப்பை வாரிக்கொண்டிருந்தாள். எனக்கு முதலில் கண்ணில் பட்டது பாத்தித் தண்ணீரில் கிடந்த வானம். அழகான வாக்கியம் ஒன்றும் மனதில் தயாராகிவிட்டது. அவளுடைய கால்களைப் பார்க்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று. பாரதிதாசனுக்கு அரைக் கவிதைதான் ஆனது.