மலையக எழுத்திலே தலைவரும் லயமும்

மலையகத் தொழிலாளரின் உரிமைப் போராட்டம் குறித்துத் தமிழில் வெளிவந்த எழுத்துக்களை ஒருங்கே வைத்து நோக்குமிடத்து, அவற்றுட் பல ஒரு தலைவரின் வருகையோடு தொடங்குவதைக் காண்கிறோம். கோ. நடேசய்யர் புடைவை வியாபாரி வேடத்தில் தோட்டத்துக்குள் நுழைந்த செய்தி இவ்வகையில் ஒரு தோற்றக் கதையாகவே நிலைபெற்றுவிட்டது. செய்தி உண்மையே. ஆயினும் அதனை வீரச் செயலாக மட்டும் போற்றுவோர், அவ்வேடம் ஏன் வேண்டியிருந்தது என்ற வினாவை எழுப்புவதில்லை.

அன்றைய தோட்டம் ஒரு தனியாட்சி. அத்துமீறிப் பிரவேசித்தல் பற்றிய சட்டம் வெளியாரை எல்லையிலேயே மறித்தது. துரையின் பங்களா, உத்தியோகத்தர் விடுதி, லயம் எனக் குடியிருப்பே படிநிலையாக வகுக்கப்பட்டிருந்தது. நுவரெலியாவிலே 1876இல் தோன்றிய ஹில் கிளப் நெடுங்காலம் வெள்ளையர்க்கே உரியதாயிருந்தது. நிறவொதுக்கல் என்ற பெயர் தாங்கிய சட்டம் எதுவும் இங்கு இருக்கவில்லை. ஒதுக்கல் தோட்ட நிருவாகத்தின் அன்றாட ஒழுங்கிலே உறைந்து கிடந்தது. தென்னாபிரிக்காவில் நிறவெறிக் கட்சி ஆட்சியேறிய அதே 1948இல், இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அதுவரை தோட்ட வழக்காயிருந்த ஒதுக்கல் அன்று அரசின் சட்டமாயிற்று.

இவ்வாறு அடைக்கப்பட்ட ஒரு சமூகம் வெளியுலகோடு பேசுவதற்கு இடையாள் ஒருவர் வேண்டியிருந்தது. முதலில் கங்காணி அவ்விடத்தில் இருந்தான். பின்னர் தொழிற்சங்கத் தலைவர் வந்தார். இருவரையும் ஒரே தராசில் நிறுத்துவது எமது நோக்கமன்று. 1931இல் ஹட்டனில் நடேசய்யர் தொழிலாளர் சம்மேளனம் அமைத்தமை கங்காணியின் பிடியை உடைக்கும் முயற்சியேயாகும். எனினும் இடையாள் என்ற இருக்கை காலியாகவில்லை. எழுத்தும் அவ்விருக்கையையே சுற்றி வந்தது என்பது எமது வாதம்.

நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாளின் பாடல்கள் இங்கு கவனத்துக்குரியன. மக்கள் ஏலவே அறிந்த மெட்டுக்களில் அரசியலைப் புகுத்தி, கூட்டங்களிலே அவரே அவற்றைப் பாடினார். யாப்பமைதியை அளவுகோலாகக் கொள்வோர் இவற்றைப் பிரசாரம் என ஒதுக்கக்கூடும். எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்கள் தாமே வாங்கிப் பாடத்தக்க வடிவம் எது என அவர் சிந்தித்திருக்கிறார். பின்வந்த நாவலாசிரியர் பலர் அவ்வளவு சிந்தித்ததாகத் தெரியவில்லை.

சி.வி. வேலுப்பிள்ளையின் நிலை இன்னும் சிக்கலானது. மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்தவர். 1947இல் தலவாக்கலைப் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்றவர். தலைவரும் எழுத்தாளரும் அவரே. 1954இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்டதும், பின்னர் சக்தீ அ. பால ஐயாவால் 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழாக்கப்பட்டதுமான கவிதை, தேயிலையின் கீழ் மறைந்த முன்னோர்க்கான புலம்பல். அதன் ஆற்றலை மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கு தொழிலாளி துயருறுபவனாகவே நிற்கிறான், செயற்படுபவனாக அல்ல. 'வீடற்றவன்' நாவலில் அவன் சங்கம் அமைக்க முனைகிறான், அதன் விலையையும் கொடுக்கிறான். வேலை போனால் லய அறையும் போகும் என்ற தோட்டத்தின் கொடிய விதியைத் தலைப்பே உணர்த்திவிடுகிறது. எமது மதிப்பீட்டில் சி.வி.யின் தலையாய பணி இவ்விரண்டுமன்று. அவர் திரட்டித் தந்த மலைநாட்டு மக்கள் பாடல்களிலேதான் தொழிலாளி இடையாளின்றிப் பேசுகிறாள். கங்காணியையும் சின்னத்துரையையும் அவள் ஏசுகிறாள், எள்ளுகிறாள். எவரது இரக்கத்தையும் வேண்டி அவள் நிற்பதில்லை.

வரலாறும் இப்பாடல்களின் பக்கமே சாய்கிறது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த கோவிந்தன் ஒரு சாதாரணத் தொழிலாளி. அவ்வாண்டிலேயே தோட்டத் துரைமார் தொழிற்சங்கங்களோடு ஏழு அம்ச உடன்படிக்கைக்கு இணங்க நேர்ந்தது. 1977 மே மாதத்தில், நுவரெலியா மாவட்டத்திற் சுமார் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்து வெளியார்க்கு வழங்கும் திட்டத்தை எதிர்த்தெழுந்த டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டார். இவர்களை நாம் தியாகிகள் என்று நினைவுகூர்கிறோம்; நினைவுகூரவும் வேண்டும். ஆனால் 'தியாகி' என்ற சொல் அவர்களது மரணத்தை மட்டுமே காட்டுகிறது. அன்று காலை லயத்தில் யார் யாரை அழைத்தார், யார் தயங்கினார், பெண்கள் என்ன சொன்னார்கள் என்பன அச்சொல்லுள் அடங்குவதில்லை. நாவல் செய்ய வேண்டிய வேலை அதுதான்.

பெண்கள் பற்றிய பேச்சு இன்னொரு குறையை நினைவூட்டுகிறது. கொழுந்தெடுப்போர் பெரும்பாலும் பெண்களே. இருந்தும் தோட்டத்திலே 'தலைவர்' என்றால், சங்கக் கிளையின் தலைவரான ஆண் ஒருவரையே அச்சொல் குறிக்கும். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின்னரே கிட்டியது. கடல் கடந்த மூணாற்றில் 2015 செப்டெம்பரிலே தமிழ்ப் பெண் தொழிலாளர் தோட்டக் கம்பனியை மட்டுமன்றித் தொழிற்சங்கத் தலைவர்களையும் எதிர்த்துச் சாலையில் அமர்ந்தனர். 'பெம்பிளை ஒருமை' எனப் பெயர் பூண்ட அவர்கள் ஒன்பது நாட்களில் 20 வீத போனஸ் பெற்றனர். 2018 ஒக்டோபரில் காலிமுகத்திடலிலே கறுப்புடையோடு திரண்டு 1,000 ரூபா நாட்சம்பளம் கேட்ட மலையக இளைஞரும் தொழிற்சங்கத்தின் அழைப்புக்காகக் காத்திருக்கவில்லை. சமூக ஊடகங்கள் வழியே ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டனர். அவர்களுட் பலர் கொழும்பிலே கடைச் சிப்பந்திகளாக வேலைபார்ப்போர். தாய்மார் இன்னும் மலையிலே கொழுந்தெடுக்கின்றனர். தலைவரின் வருகையோடு தொடங்கும் நாவல் வடிவத்தில் இவர்களுக்கு முதல் அத்தியாயம் எங்கே அமையும் என்பதை எழுதுவோர் இனிச் சிந்தித்தல் வேண்டும்.