ஸ்தெந்தாலின் நாவலில் ஒரு படையுடை

ஸ்தெந்தால் 1830இல் வெளியிட்ட ‘சிவப்பும் கறுப்பும்’ என்னும் பிரெஞ்சு நாவலை ஆராய்ந்தோருட் பலர், தலைப்பிலுள்ள சிவப்பைப் படைத்தொழிலுக்கும் கறுப்பைத் திருச்சபைக்கும் குறியீடாகக் கொள்வர். இவ்விளக்கம் தவறென்று ஒதுக்கத்தக்கதன்று. ஆயினும் கதாநாயகன் ஜூலியன் சொரெல் வெரியேர் நகரில் அணியும் படையுடை சிவப்பன்று, வான்நீலம். நிறத்தைக் குறியீடாக மட்டும் நோக்குவோர், உடை என்பது உழைப்பால் உருவான பொருள் என்பதை மறந்துவிடுகின்றனர்.

நெப்போலியன் காலத்து அதிகாரியின் மேலங்கி, நெய்தபின் நீரில் அடித்து இறுக்கப்பட்ட கம்பளித் துணியாலானது. இழை எளிதிற் பிரியாதாகையால் வெட்டிய ஓரங்களை மடிக்காது விடவும் முடிந்தது. மார்புப் பகுதி உள்ளே துணிவைத்துப் புடைப்பாக்கப்பட்டது. தோளணியே பதவியைக் காட்டிற்று: கேணலுக்கு இரு தோள்களிலும் தடித்த சரிகைக் குஞ்சங்கள், கப்டனுக்கு ஒரு தோளில் மட்டும் மெல்லிய குஞ்சம், சாதாரண வீரருட் சிலருக்குக் கம்பளிக் குஞ்சம். அலங்காரம் இங்கு அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. அதிகாரத்தைத் தொலைவிலிருந்தே அறியச் செய்யும் ஏற்பாடு.

புரட்சியின் பின்னர் இச்சரிகை, பிறப்பால் மட்டும் பெறப்படுவதொன்றாக இருக்கவில்லை. விடுதிக்காரரின் மகன் மூராவும் பீப்பாய் செய்பவரின் மகன் நேயும் 1804இல் மார்ஷல்களாயினர். 6ஆம் டிராகன் படையின் வெண்ணிற நீள்போர்வைகளைச் சிறுவயதிற் கண்ட ஜூலியனின் மயக்கம் இவ்வரலாற்று வாய்ப்பிலிருந்தே பிறந்தது. ஸ்தெந்தாலும் அப்படையிற் பணியாற்றியவரே.

1815இன் பின் முடியாட்சி மீண்டது. மன்னரொருவரின் வருகைக்காக வெரியேரில் கௌரவக் காவற்படை அமைக்கப்படுகின்றது. மரமறுப்போனின் மகனான ஜூலியனுக்கு அதில் இடம் கிடைப்பது வீரத்தாலன்று. நகரபிதாவின் மனைவி திருமதி த ரெனாலின் தயவால். வெள்ளித் தோளணியோடு அவன் குதிரையேறிச் செல்கையில் நகரத்துச் செல்வர் சினங்கொள்கின்றனர். அன்றே அவன் குருவாடைக்கு மாறுகின்றான்; ஆனால் அதன் மடிப்புகளின் கீழே குதிமுள் தெரிகின்றது. மேலங்கியின் தையலும் தோளணியும் பழையவையே. அவை அணிவோனுக்கு அளித்த சமூக உறுதிமொழிதான் இல்லாதொழிந்தது. நாவலின் அவலம் இம்முரண்பாட்டில் வேர்கொள்கின்றது.

எனினும் ஸ்தெந்தாலின் யதார்த்தத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வுடையைப் பெறத் திருமதி த ரெனாலுக்கு இருபத்துநான்கு மணிநேரமே கிடைக்கின்றது. பெசன்சோனுக்குத் தூதுவன் அனுப்பப்படுகின்றான். உடை வந்து சேர்கின்றது. அதைத் தைத்த கைகளைப் பற்றி நாவல் பேசுவதில்லை. உழைப்பாளியின் மகன் உயர விரும்பும் கதையிலேயே உழைப்பாளி மறைந்துபோகின்றான்.

ஒரு நாவலிலே கதாநாயகன் எவ்வர்க்கத்தவன் என்று கூறுவதோடு நமது விமர்சனப் பணி நிறைவுறுவதில்லை. அவன் அணிந்த உடை எவ்வாறு ஆக்கப்பட்டது, எவரால் வழங்கப்பட்டது, எவர் கண்ணை உறுத்தியது என்பனவற்றையும் வினவுதல் வேண்டும். அவ்வாறு வினவும்போதே வர்க்க உறவுகள் கலைவடிவில் இயங்கும் விதம் தெளிவாகும்.