கார்குடிக்கு நாம் பட்ட கடன்

2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் வாகன அணிமீது நடந்த குண்டுத் தாக்குதலில் கொல்லப்பட்ட மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் 40 பேரில் இருவர் தமிழர்கள். ஒருவர் தூத்துக்குடி மாவட்டத்துச் சுப்பிரமணியன். மற்றவர் அரியலூர் மாவட்டம் கார்குடியைச் சேர்ந்த சிவசந்திரன். கார்குடியில் அஞ்சலி செலுத்த அன்றைய பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமனே வந்தார். மாநில அரசு இரு குடும்பங்களுக்கும் தலா 20 லட்சம் ரூபாயும் அரசு வேலையும் அறிவித்தது. அந்த மரியாதையில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அதோடு நம் கடன் தீர்ந்ததா என்பதே கேள்வி.

நன்றியை அளக்க நம்மிடம் பழைய அளவுகோல் ஒன்று உண்டு. மாண்ட வீரனுக்குக் கல் நடும் முறையைக் கல்லைத் தேர்வதிலிருந்து வாழ்த்துவது வரை தொல்காப்பியம் படிப்படியாக வகுக்கிறது. கல்லோடு மட்டும் நம் முன்னோர் நிற்கவில்லை. வீழ்ந்தவனின் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலம் விட்டதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. கல் இறந்தவனுக்கு, நிலம் அவன் விட்டுச்சென்றவர்களுக்கு. இந்த அளவில் கார்குடிக்குக் காட்டிய மரியாதை தேறிவிடும்.

ஆனால் கடனில் மூன்றாவது பங்கு ஒன்று இருக்கிறது: நாளை அதே சாலையில் போகப்போகும் வீரனுக்கு உரியது. ஜம்முவிலிருந்து ஸ்ரீநகருக்குச் சென்ற அந்த வாகன அணியில் 78 வண்டிகள். ஏறத்தாழ 2,500 பேர். தாக்குதல் நடந்த ஒரே வாரத்தில், பிப்ரவரி 21 அன்று, தில்லி–ஸ்ரீநகர், ஜம்மு–ஸ்ரீநகர் தடங்களில் கான்ஸ்டபிள்களும் விமானத்தில் போகலாம் என்று உள்துறை ஆணையிட்டது. அதுவரை அந்த உரிமை மேல்நிலை அதிகாரிகளோடு நின்றிருந்தது. அந்த வாரத்து அஞ்சலிகளில் ஆகச் சிறந்தது இந்த ஆணைதான். நம்மேல் விழும் கடுமையான குற்றச்சாட்டும் இதுவே. ஒரு வாரத்தில் முடிந்த காரியத்துக்கு 40 பேரின் சாவு ஏன் தேவைப்பட்டது?

"சம்பளம் வாங்கித்தானே வேலைக்குப் போனார்கள்" என்பவர்கள் உண்டு. சம்பளம் உழைப்புக்கான விலை. உயிருக்கு விலை பேசி யாரும் கையெழுத்துப் போடவில்லை. உயிரோடு இருப்பவர்களுக்கு உரிய ஓய்வூதியத்தில் சொல்லப்படும் வாதம் இதைவிட வலுவானது. 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியம் வந்தபோது ராணுவத்துக்கு விலக்குக் கிடைத்தது. ரிசர்வ் போலீசுக்குக் கிடைக்கவில்லை. ராணுவச் சிப்பாய் இளம் வயதிலேயே ஓய்வு பெறுகிறார், ரிசர்வ் போலீஸ்காரர் 60 வயது வரை இருக்கிறார், ஆகவே வேறுபாடு நியாயம் என்கிறார்கள். வயதுக் கணக்கு சரிதான். ஆனால் புல்வாமாவில் வெடித்த குண்டு எந்த அமைச்சகத்தின் சீருடை என்று பார்க்கவில்லை. 2023 ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்றம் இந்தப் படையினரும் ஒன்றியத்தின் ஆயுதப் படையே, பழைய ஓய்வூதியத்துக்கு உரியவர்களே என்றது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

என் தீர்ப்பு இது: சிவசந்திரனின் சவப்பெட்டிக்கு நாம் நேர்மையாக நடந்துகொண்டோம், அவரோடு அதே அணியில் சென்று உயிரோடு திரும்பியவர்களுக்கு நடந்துகொள்ளவில்லை. அவர்கள் முதுமையில் வாங்க வேண்டிய ஓய்வூதியத்தை நீதிமன்றம் சொல்லும்வரை காத்திராமல் அரசு தானே கொடுத்திருக்க வேண்டும்.